மூன்றாவது பொத்தான்

சாவியில் மூன்று பொத்தான்.
ஒன்று பூட்டும்.
ஒன்று திறக்கும்.
மூன்றாவதன் மேலிருந்த படத்தை
ஏழு வருஷத்தில் தேய்த்துவிட்டது
கொளத்தூர் ஆடிட்டரின் கட்டைவிரல்.
"அது டிக்கிக்கு" என்றான் புரோக்கர்.
அமுக்கினேன்.
அலறியது.
சிரித்துக்கொண்டே அறுநூறு ரூபாய் குறைத்தான்.

சீட்டுப் பணத்தில் வாங்கிய சாம்பல் நிற வண்டி.
ஜீவரத்தினம் நகரில் எங்கள் சந்துக்குள்
இரண்டு காதையும் மடக்கிக்கொண்டால்தான் நுழையும்.

டிக்கி வெளியிலிருந்து திறக்காது.
பின் சீட்டை மடித்து
இடுப்புவரை உள்ளே விட்டு
இருட்டில் துழாவி
ஒரு கம்பியை இழுக்க வேண்டும்.
"பிரசவம் பாக்குற மாதிரி கீது" என்பான் தேசிங்கு,
ஒரு பிரசவமும் பார்த்திராதவன்.
வருவதென்னவோ
மணலி கம்பெனிக்கு நான் தைத்த
அறுபது காக்கிச் சட்டை.

இடது பின் கண்ணாடி இறங்கும், ஏறாது.
தீப்பெட்டி அட்டையை மடித்துச் சொருகி
நிறுத்தி வைத்திருக்கிறேன்.
எண்ணூர் ரோட்டில் போகும்போது
அந்த இடுக்கு வழியே
உப்பு, டீசல், கருவாடு
டிக்கெட் எடுக்காமல் ஏறிக்கொள்ளும்.
சட்டைகளை டெலிவரி கொடுக்கும் முன்
ஒருமுறை முகர்ந்து பார்ப்பேன்.

வலது பின் கதவில் குழந்தைப் பூட்டு.
ஆடிட்டர் தன் பிள்ளைக்குப் போட்டது.
எங்களுக்குப் பிள்ளை இல்லை.
சாவி நுனியால் ஒரு தட்டு, எடுத்துவிடலாம்
என்றார் மெக்கானிக் யாகூப்.
எடுக்கவில்லை.
சண்டை போட்ட நாளில் தேசிங்கு
முன்னால் உட்கார மாட்டான்.
பின்னால் ஏறி, பட்டென்று சாத்திக்கொண்டு
சுங்கச்சாவடி தாண்டும்வரை ரோட்டைப் பார்ப்பான்.
வீடு வந்ததும் பிடியை இழுப்பான்.
மறுபடி இழுப்பான்.
நான் இறங்கிச் சுற்றி வந்து
வெளியிலிருந்து திறக்க வேண்டும்.
சில நாள், லாரித் தண்ணீர் நாலு குடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் வருவேன்.
இடது பக்கம் நகர்ந்து இறங்கலாம்தான்.
இதுவரை அவன் நகர்ந்ததில்லை.

அலாரம்தான் பேஜார்.
துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கண்டெய்னர் லாரிகளில்
ஒன்று, இரண்டேகால் மணி வாக்கில்
முக்கு வேகத்தடையில் காலி வயிற்றோடு குதிக்கும்.
தரை அதிரும்.
திருடனைக் கண்டதுபோல வண்டி கத்தும்.
நாய்கள் கூடச் சேரும்.
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு
சாவியைத் தேடி ஓடுவேன்.
எதிர் மாடியிலிருந்து ஏகவல்லி,
"யம்மா, அந்தச் சனியன
கடல்ல தள்ளிட்டு வாயேன்,
பக்கத்துலதான கீது!"

ஆவணியில் ஒரு ஞாயிறு
யாகூப் வந்து ஒரு ஒயரைப் பிடுங்கினார்.
"இனிமே ஆட்டம் குடுத்தா கத்தாது.
பொத்தான அமுக்கினாதான்."
அன்றிரவு லாரி குதித்தது.
வண்டி வாயைத் திறக்கவில்லை.
சந்து முழுக்கத் தூக்கம்.

ஆறரைக்குக் கதவை இடிக்கிறாள் ஏகவல்லி.
இடுப்பில் காலிக் கூடை.
"இன்னாடி பண்ண ஒன் வண்டிய?
ஏலம் முடிஞ்சி போச்சி.
சங்கரா போச்சி, வஞ்சிரம் போச்சி,
வார்ஃபுல ஐஸ் தண்ணிதான் ஓடுது.
ஒன் காரு கத்தினாதான
நான் ஏந்திரிப்பேன்!"

"கடல்ல தள்ளச் சொன்னியே" என்றேன்.

"சொல்லுவேன்.
அதுக்காவ?"

இப்போது இரண்டேகாலுக்கு
வண்டிக்குப் பதில் நான் விழிக்கிறேன்.
படுத்தபடியே ஜன்னல் கம்பிக்கு வெளியே கை நீட்டி
மூன்றாவது பொத்தான்.
நாலு கத்தல்.
எதிர் மாடியில் குண்டு பல்பு எரிந்ததும்
நிறுத்திவிடுவேன்.
"திருடனா?" என்பான் தேசிங்கு, கண் திறக்காமல்.
"ஏகவல்லி."
புரண்டு படுப்பான்.

நேற்று விடியலில்
ஐஸ் பெட்டி சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.
"பெரம்பூர் மார்க்கெட் வரிக்கும் விட்டுரு.
டிக்கியத் தொற."

சீட்டை மடித்தேன்.
"உள்ள போ" என்றேன்,
"இருட்டுல ஒரு கம்பி இருக்கும்."